இரண்டாவது கேமராவில் கற்கும் பாடம்

தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில்தான் நடக்கிறது. பொங்கல் வருவதற்கு முன்பே, ஜனவரித் தொடக்கத்தில் அங்கே வாடிவாசல் திறந்துவிடும். அன்றிலிருந்து இந்த மாவட்டத்து வீடியோகிராபருக்கு ஓய்வில்லை. தை முகூர்த்தங்கள், மாசி மகத்துக்குக் குளமங்கலம், பங்குனியில் நார்த்தாமலைப் பூச்சொரிதலும் தேரோட்டமும், வைகாசிக் கல்யாணங்கள், இடையிடையே காதணி விழா, புதுமனை புகுவிழா, கிடாவெட்டு. பல ஊர்களில் ஆடி மாதம் என்றால் கேமராப் பையை மூடி வைத்துவிடுவார்கள். இங்கே கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் மொய் விருந்து களைகட்டுவதே ஆடியில்தான்.

ஒரே ஆண்டில் இத்தனை வகை நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் வேறு, சத்தம் வேறு, முக்கியமான நொடி வேறு. இவை அனைத்தையும் சொல்லித்தரும் பாடத்திட்டம் எந்தக் கல்லூரியிலும் கிடையாது. இந்தத் தொழிலில் நிலைத்து நின்றவர்களைக் கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே வழியில் வந்திருப்பார்கள்: இன்னொருவருடைய ஆர்டரில் இரண்டாவது கேமராவாகப் போய்க் கற்றவர்கள்.

அந்த ஏற்பாடு எளிமையானது. ஒரு ஸ்டுடியோவுக்குப் பெரிய கல்யாணம் வருகிறது. கைவசம் ஆள் போதாது. பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரருக்கு போன் போகும். அவர் தன் கேமராவோடு வந்து ஒரு நாள் சம்பளத்துக்கு நிற்பார். அடுத்த வாரம் இவர் அங்கே போய் நிற்பார். தொழிலில் போட்டியாளர்கள்தான், மணமேடையில் கூட்டாளிகள். மெமரி கார்டு பழுதானால் கொடுப்பதும், பேட்டரி தீர்ந்தால் நீட்டுவதும், எடிட்டரைக் காட்டிவிடுவதும் இந்த உறவில் நடக்கிறது. புதிதாக வருகிறவர் விலை உயர்ந்த கேமராவை வாங்குவதற்கு முன் இந்த உறவுக்குள் வந்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை அழுத்திச் சொல்ல விரும்புவது.

கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். தாலி கட்டும் காட்சி தவறினால் மற்ற எதுவும் ஈடாகாது. ஆனால் அந்த நேரத்தில்தான் மேடையில் கூட்டம் எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், முன்வரிசையில் செல்போன்கள் உயரும். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மூத்த கேமராமேன் ஒருவர் காதோரம் சொன்னது இது: “தம்பி, ஆளைப் பார்க்காத, தட்டைப் பாரு.” மாங்கல்யம் வைத்த தேங்காய்த் தட்டு பெரியவர்களின் ஆசிக்காகச் சபையைச் சுற்றி வருகிறது அல்லவா, அது மேடைக்குத் திரும்பும்போதே கேமரா ஓடத் தொடங்கிவிட வேண்டும். கெட்டிமேளச் சத்தம் கேட்ட பிறகு பொத்தானை அழுத்துகிறவர் பாதி முடிச்சைத்தான் எடுப்பார். தட்டு திரும்பியதும் ஓடவிட்ட கேமராவை மூன்று முடிச்சும் முடிந்து, நெற்றியில் குங்குமம் வைத்து, பெண்ணின் தாய் கண்ணைத் துடைப்பது வரை நிறுத்தவே கூடாது.

இடமும் அப்படித்தான். ஒரு கேமரா மண்டபத்தின் நடுவழியில், உயரமான ஸ்டாண்டில், கூட்டத்தின் தலைக்கு மேலாக முழு மேடையையும் பார்த்தபடி நிற்க வேண்டும். அதைத் தொடவே கூடாது. இன்னொன்று மேடையில், மணமகனின் கை தெரியும் பக்கம். நாத்தனார் முடிச்சு போடும் வழக்கமுள்ள வீடு என்றால் பெண்ணின் பின்புறத்தை ஒட்டிய கோணமும் தேவை. முன்னால் நிற்கிற கேமராவுக்கு அந்த விரல்கள் தெரியாது. எந்த வீட்டில் எந்த வழக்கம் என்பதை முந்தைய நாள் பெண் அழைப்பின்போதே வீட்டுப் பெரியவரிடமும் ஐயரிடமும் கேட்டுக்கொள்வது அடிப்படை வேலை. செட்டிநாட்டை ஒட்டிய ராயவரம், ராமச்சந்திரபுரம், கோனாப்பட்டு பகுதிகளில் நகரத்தார் கல்யாணம் என்றால் சடங்கின் வரிசையே வேறு. அறுபதாம் கல்யாணத்துக்கும் அங்கே தனி மதிப்பு உண்டு. அந்த வரிசை தெரிந்த ஒருவரோடு முதல்முறை போகாமல் தனியாகப் போய் நிற்பது சரியல்ல.

காதணி விழாவில் இன்னும் நுட்பமான விஷயம் இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்காரும் குழந்தைக்கு முதல் காதில் குத்தப்போவது தெரியாது. சுற்றிலும் கூட்டம், கையில் பலகாரம், ஏதோ வேடிக்கை என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே முதல் காதுக்குக் கேமரா குழந்தையின் முகத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் காதுக்கு வருவதற்குள் அது கை கால்களை உதறி அழ ஆரம்பித்துவிடும். முகம் ஒரு நிலையில் நிற்காது. அப்போது பார்க்க வேண்டியது தாயின் முகத்தையும் குழந்தையின் தலையை அழுத்திப் பிடித்திருக்கும் மாமனின் கையையும்தான். பல விழாக்களில் நின்றவர் பக்கத்தில் இருந்தால் இது ஒரே நாளில் பிடிபடும்.

மொய் விருந்தில் கேமராவுக்கு வேறு ஒழுக்கம். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மொய் எழுதும் மேஜை. எல்லா மேஜையும் படத்தில் வர வேண்டும். வந்தவர்கள் யார் யார் என்று விருந்து வைத்தவர் பிறகு பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்பதால் முகங்கள் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் நோட்டில் எழுதும் தொகைக்கு லென்ஸை நெருக்கக் கூடாது. அது இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான கணக்கு.

ஜல்லிக்கட்டில் முதல் பாடம் உயிர். 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டு உலக சாதனையாகப் பதிவானது. அதே நாளில் அங்கே இருவர் மாடு முட்டி இறந்துபோனார்கள். படம் எடுக்கிறவர் இதை மறக்கக்கூடாது. தடுப்புக்கு உள்ளே இறங்கி எடுக்கும் படம் எதுவும் கேலரியிலிருந்து 70-200 லென்ஸில் எடுக்கும் படத்தைவிட அத்தனை சிறந்ததல்ல. மாடு வெளியேறி, உரிமையாளர்கள் கயிறு போட்டுப் பிடிக்கும் இடம் களத்தைவிட ஆபத்தானது. அங்கே தடுப்பும் குறைவு, எந்தப் பக்கமிருந்து மாடு வரும் என்றும் தெரியாது.

அடுத்த பாடம், யாருக்காக எடுக்கிறோம் என்பது. ஜல்லிக்கட்டு வீடியோவை ஆசையாகக் கேட்டு வருபவர் பெரும்பாலும் காளை வளர்த்தவர். அவருடைய மாடு களத்தில் நின்றது சில நொடிகள்தான். அந்த நொடிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கத் தெரிந்தால்தான் வேலை. அதனால் வர்ணனையாளர் மைக்கில் ஊரும் பெயரும் சொல்லும் ஒலி படத்தில் விழ வேண்டும். உதவியாளர் ஒருவர் டோக்கன் எண்ணையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டே வர வேண்டும். கேமராவின் கடிகாரத்தைக் காலையிலேயே சரியாக வைத்துவிட்டால் மாலையில் எந்த மாட்டையும் நிமிடத்தில் எடுத்துவிடலாம். செம்மண் புழுதி பறக்கும் களத்தில் லென்ஸை மாற்றக்கூடாது. கண்ணாடியில் படிந்த தூசியைச் சட்டையால் துடைக்கவே கூடாது. புளோயரால் ஊதிய பிறகே துணி.

இனி கருவிகள். தொண்ணூறுகளில் பானசோனிக் எம்3500, எம்9000 போன்ற விஎச்எஸ் கேமராக்களைத் தோளில் சுமந்தார்கள். கூடவே ஒருவர் சன்கன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி வருவார். மாப்பிள்ளையின் நெற்றி வியர்ப்பதே அந்த வெளிச்சத்தில்தான். 2003இல் வந்த சோனி பிடி170, மினி டிவி டேப்பில் பதிவு செய்தது. குறைந்த வெளிச்சத்தையும் தாங்கியது. 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்து எல்லாவற்றையும் மாற்றியது. புகைப்படக் கேமராவிலேயே முழு எச்.டி. வீடியோ, பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் சினிமாத் தோற்றம். கேண்டிட் என்ற சொல் கிராமத்துக் கல்யாணம் வரை வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் அந்த மாற்றத்தில் ஒன்றை இழந்தோம். பிடி170இல் இரண்டு எக்ஸ்.எல்.ஆர். மைக் இணைப்புகள் இருந்தன. மைக்செட்டிலிருந்து ஒரு வயர், மேடை மைக் ஒன்று என்று நேராகச் செருகலாம். டிஎஸ்எல்ஆரில் அது இல்லை. படம் அழகானது, ஒலி கெட்டது. அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த கல்யாண வீடியோக்களில் மந்திரமும் நாதஸ்வரமும் இல்லாமல் சினிமாப் பாட்டு மட்டும் ஒலிப்பதற்கு ரசனை பாதிக் காரணம் என்றால், சரியான ஒலி கையில் இல்லாதது மறுபாதி. எடுத்த ஒலி நன்றாக இருந்தால் எந்த எடிட்டரும் அதைத் தூக்கி எறியமாட்டார். தாத்தா ஆசீர்வதித்துச் சொன்ன நாலு வார்த்தை இருபது ஆண்டு கழித்து எந்தப் பாட்டையும்விட மேலானது.

ஆகவே, இரண்டாவது லென்ஸுக்கு முன்னால் ஒரு நல்ல ரெக்கார்டர் வாங்குங்கள். தவிலும் நாதஸ்வரமும் திறந்தவெளிக்காகப் பிறந்த வாத்தியங்கள். கேமராவின் தானியங்கி ஒலி அளவை நம்பினால், ஐயர் மெதுவாக மந்திரம் சொல்லும்போது அது தானே அளவை ஏற்றிவிடும். கெட்டிமேளம் விழுந்ததும் ஒலி கிழிந்துவிடும். அளவைக் கையால் வைத்து, தவில் உச்சத்தில் ஒலிக்கும்போது -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பழைய பாடம். அதைவிட இன்னும் குறைவான அளவில் இன்னொரு பதிவு தனியாக ஓடினால் பாதுகாப்பு. இப்போது வரும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் அளவு தவறினாலும் எடிட்டிங்கில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை எந்த ரெக்கார்டரும் மீட்காது. நாதஸ்வரக் குழுவுக்கு எதிரே மைக்கை நீட்டாமல் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் வைக்க வேண்டும்.

மைக்செட்காரரின் நட்பு இங்கே மிகவும் பயன்படும். அவருடைய மிக்சரிலிருந்து ஒரு வயர் கிடைத்தால் சபையில் பேசும் எல்லோருடைய குரலும் சுத்தமாக வந்துவிடும். மிக்சரிலிருந்து வரும் லைன் அளவு சிக்னலைக் கேமராவின் மைக் துளையில் அப்படியே கொடுத்தால் ஒலி உடைந்துபோகும். ரெக்கார்டரில் லைன் என்று மாற்றிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணமக்களைத் தேடுவதற்கு முன் மைக்செட்காரரையும் வித்வானையும் பார்த்து வணக்கம் சொல்லிவிடுவது மூத்தவர்களிடம் பார்த்துக் கற்ற பழக்கம். எப்போது எது வாசிக்கப்போகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வெளிச்சத்தில் ஒரு சிக்கலைப் பலர் கேமராவின் குறை என்று நினைக்கிறார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் டியூப் லைட்டில் படம் துடிக்காது. 1/60இல் வைத்தால் கோடு கோடாக ஓடும். எல்.இ.டி. அலங்கார விளக்குகள் சிலவற்றுக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்து, துடிப்பு அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும்போது அந்த 50 என்பதே நிலையாக நிற்காது. அதனால் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை திரையை உற்றுப் பார்ப்பது நல்லது.

பழைய டிஎஸ்எல்ஆர்கள் பலவும் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். பழுது அல்ல, அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் வீடியோ கேமரா என்று கணக்கிட்டுச் சுங்கவரி கூடும் என்பதால் நிறுவனங்கள் வைத்த வரம்பு. அண்மைக் கேமராக்கள் பலவற்றில் அந்த வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் சித்திரை வெயிலில், தகரக் கூரைப் பந்தலில், 4கே பதிவு செய்யும் சிறிய கேமராக்கள் சூடேறி நின்றுவிடுகின்றன. நடுவழி ஸ்டாண்டில் நிற்கும் கேமராவாகப் பழைய வீடியோ கேமராவையே இன்னும் வைத்திருப்பவர்கள் அறிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

டிரோனுக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் மாத்தூர் பக்கம் வேலை என்றால் வரைபடத்தைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. சித்தன்னவாசலும் நார்த்தாமலை விஜயாலய சோழீஸ்வரமும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. ட்ரைபாடோடு போவதற்கே முன் அனுமதி வேண்டும். கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோயிலில் கல்யாணம் என்றால் செயல் அலுவலரிடம் முன்பே பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இனி, எடுத்ததைக் காப்பது. 4கே பதிவு விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, எட்டு மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள்: 720 ஜிபி. வாங்கும்போதே இரண்டு கார்டு துளை உள்ள கேமராவாக வாங்கி, இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய வைக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் காப்பி ஆகி, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். அந்த டிஸ்க்குகள் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கடற்காற்றில் வேலை பார்த்து வந்தால் லென்ஸைத் துடைத்துச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைக்காமல் தூங்கப் போகக்கூடாது. பூஞ்சை பிடித்த லென்ஸ் பழைய நிலைக்குத் திரும்புவது அபூர்வம்.

இந்தக் காப்புக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்பதற்குப் பக்கத்து ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை கற்றவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகச் சுமார் 1 லட்சம் மைல் சுற்றினார். 30 ஆண்டுகளில் 100க்கும் மேற்பட்ட ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, 12,000 அடியாகத் தொகுத்து, 1940இல் வெளியிட்டார். காந்தியின் கூட்டங்களையும் பயணங்களையும் எடுத்த அந்த ஒளிப்பதிவாளர்கள் செய்ததும் நிகழ்ச்சிப் பதிவுதான். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் மதித்துக் காத்து, மூன்றாமவரிடம் ஒப்படைத்ததால்தான் அந்தப் படம் பிறந்தது. அப்படியும் அந்தத் தமிழ் மூலப் படம் நமக்கு முழுதாகத் தங்கவில்லை. 1953இல் வெளிவந்த சுருக்கமான ஆங்கில வடிவத்தின் பிரதியைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவில் தேடிக் கண்டுபிடித்தார்.

புதுக்கோட்டை வீடுகளின் பீரோக்களிலும் பரண்களிலும் தொண்ணூறுகளின் கல்யாண கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் இன்று உயிரோடு இல்லாத பாட்டிகள் நடக்கிறார்கள், மறைந்த வித்வான்கள் வாசிக்கிறார்கள், இடித்துக் கட்டப்பட்ட வீடுகள் அப்படியே நிற்கின்றன. விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் உள்ள கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. கேசட்டில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் கேசட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியாகப் பூஞ்சை தெரிந்தால் அப்படியே போட்டு ஓட்டாதீர்கள். டேப்பும் கெடும், ஹெட்டும் கெடும். அன்று அதை எடுத்த வீடியோகிராபரையே தேடிப் போங்கள். அவர் தொழிலை விட்டிருந்தாலும் யாரிடம் நல்ல விசிஆர் ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். டிஜிட்டலாக மாற்றியதும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். அடுத்த முகூர்த்த மாதம் தொடங்கினால் வீடியோகிராபர்களுக்கு நேரம் இருக்காது. இந்த மாதமே கொண்டுபோய்க் கொடுங்கள்.